கூத்து ஜமாவுக்கு எதற்கு இணையதளம்? கலைஞர்களும் சபாக்காரர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கூத்து ஜமாக்கள் (கூத்தாடும் குழுக்கள்), நாகஸ்வரக் கலைஞர்கள், ஓவியர்கள், சின்ன சபாக்கள். இவர்களுக்கு இணையதளம் அமைத்துக் கொடுப்பது என் வேலை. முதல் சந்திப்பில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். போனில் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். என்னிடம்தான் வேலையைக் கொடுக்க வேண்டும் என்றில்லை. யாரிடம் கொடுத்தாலும் இதையெல்லாம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

யூடியூப் சேனல் இருக்கிறது, ஃபேஸ்புக் பக்கம் இருக்கிறது. அப்புறம் தனியாக இணையதளம் எதற்கு?

அவை இருக்கட்டும், விட்டுவிட வேண்டாம். ஆனால் அவற்றை மட்டும் நம்பி இருக்காதீர்கள். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கும் அதில் ஒன்று. கரகாட்டம், பறை, நாட்டுப்புறப் பாட்டு என்று ஊர்ப்பக்கத்துக் கலைஞர்கள் பலருக்கு அந்த ஒரு செயலியில்தான் பெயர் கிடைத்திருந்தது. பல மாதமாகச் சேர்த்த ரசிகர்கள் ஓரிரு நாளில் கைவிட்டுப் போனார்கள். அவர்களைத் திரும்பத் தொடர்புகொள்ள வழியே இல்லை. அதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2014இல் மூடப்பட்டது, கூகுள் பிளஸ் 2019இல் மூடப்பட்டது. அவற்றில் மட்டும் போட்டு வைத்த படங்களும் பேச்சுகளும் அவற்றோடு போயின.

இன்னொரு காரணமும் உண்டு. ஃபேஸ்புக்கில் போன சித்திரையில் போட்ட படத்தைத் தேடி எடுக்க உங்களுக்கே அரை மணி நேரம் ஆகும். முன்பின் தெரியாதவர் எப்படி எடுப்பார்? உங்கள் பெயர், கலை, ஊர், எண் ஆகிய நான்கும் எப்போதும் ஒரே முகவரியில் இருக்க வேண்டும். யூடியூப், ஃபேஸ்புக் எல்லாவற்றிலும் அந்த முகவரியைப் போட்டுவிடுங்கள்.

எங்களுக்குக் கூத்து கொடுப்பவர்கள் கிராமத்துப் பெரியவர்கள். அவர்கள் இணையதளமா பார்க்கப்போகிறார்கள்?

பெரியவர் பார்க்கமாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். திருவிழாக் கமிட்டியில் அவருடைய மகனோ மருமகனோ இருப்பார். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு ஊர்ச் செலவில் பங்கு கொடுப்பவர். “இந்த வருஷம் பதினெட்டாம் போர் கூத்துக்கு யாரைக் கூப்பிடலாம்?” என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு வந்தால் அவர்தான் தேடுவார், லிங்க் அனுப்புவார். லிங்க் இல்லாத ஜமாவின் பெயர் அந்தப் பேச்சில் வராமலே போய்விடும்.

அப்புறம் கல்லூரி விழாக்காரர்கள், தமிழ்ச் சங்கத்துக்காரர்கள், வெளிநாட்டு விழாக்களுக்கு ஆள் தேடுபவர்கள், ஆய்வு மாணவர்கள். இவர்கள் யாரும் தாம்பூலத்தோடு வீட்டுக்கு வரப்போவதில்லை. கூகுளில் தேடித்தான் வருவார்கள்.

முதல் பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

நான் முதலில் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கூத்து ஜமாவுக்கு முதல் பக்கம் முழுவதும் வீடியோ ஓடுகிற மாதிரி செய்திருந்தேன். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு துரியோதனன் திரையை விலக்கி வரும் காட்சி. என் கணினியில் பிரமாதமாக இருந்தது. ஜமாவை நடத்தும் வாத்தியாரின் ஊருக்குப் போய் அவர் போனிலேயே திறந்து காட்டினேன். வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த ஊரில் சிக்னல் ஒரு கோடுதான். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “இதுல நம்ம நம்பர் எங்கப்பா இருக்கு?” என்று கேட்டார். எண்ணைக் கடைசிப் பக்கத்தின் அடியில் போட்டிருந்தேன். அன்று இரவே எல்லாவற்றையும் கலைத்துவிட்டுத் திரும்பச் செய்தேன்.

இப்போது முதல் பக்கத்தில் நான் வைப்பது இதுதான்: ஜமாவின் பெயர், வாத்தியார் பெயர், ஊரும் மாவட்டமும், ஒரே ஒரு நல்ல படம், தொட்டால் அழைப்பு போகிற தொலைபேசி எண், வாட்ஸ்அப் பட்டன். திரையைக் கீழே தள்ளாமலே இவை தெரிய வேண்டும்.

அதற்குக் கீழே, அழைப்பவர் போனில் கேட்கிற கேள்விகளுக்கான பதில்கள். எத்தனை பேர் வருவீர்கள்? விடிய விடிய ஆடுவீர்களா, ரெண்டு மணி நேரத்துக்குச் சுருக்கியும் ஆடுவீர்களா? களரிக்கு, அதாவது ஆடும் களத்துக்கு, எவ்வளவு இடம் வேண்டும்? மைக் செட் யார் பொறுப்பு? என்னென்ன கதைகள் கைவசம் இருக்கின்றன? கர்ண மோட்சம், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, வஸ்திராபரணம் என்று கதைகளின் பெயரைப் பட்டியலாகப் போடுங்கள். தேடுபவர்கள் கதையின் பெயரைப் போட்டும் தேடுகிறார்கள். பாரதம் படித்து, கூத்து வைத்து, துரியோதனன் வதம் நடக்கும் படுகளமும் தீமிதியுமாக முடிகிற திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு எத்தனை நாள் வருவீர்கள் என்பதையும் தனியாக எழுதிவிடுங்கள். அது ஒற்றை இரவுக் கூத்து மாதிரி இல்லையே.

தொகையைப் போடலாமா என்று கேட்பார்கள். நான் போட வேண்டாம் என்பேன். தூரம், ஆள், இரவுக் கணக்கு எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் முன்பணம் எவ்வளவு பங்கு, நிகழ்ச்சி மழையால் நின்றுபோனால் என்ன செய்வது, சாப்பாடும் தங்குமிடமும் யார் பொறுப்பு ஆகியவற்றை எழுதிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

ஆங்கிலத்தில் எங்கள் பெயரை எப்படி எழுதுவது? ஒவ்வொரு நோட்டீசிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.

இதில் அவசரப்படாதீர்கள். நான் அதிக நேரம் செலவழிக்கிற விஷயம் இதுதான். ‘கூத்து’ என்ற ஒரு சொல்லையே ஆங்கிலத்தில் இரண்டு ‘ஓ’ போட்டுக் கடைசியில் ‘டிஹெச்யு’ என்று எழுதுபவர்கள் உண்டு. ஒரு ‘யு’வும் இரண்டு ‘டி’யும் போடுகிற ஆய்வாளர்களும் உண்டு. வாத்தியார் பெயர் ஆதார் அட்டையில் ஒரு மாதிரி, விருதுச் சான்றிதழில் ஒரு மாதிரி, யூடியூபில் யாரோ ஏற்றிய வீடியோவில் இன்னொரு மாதிரி இருக்கும். கூகுளுக்கு அவர்கள் மூன்று பேர்.

முதலில் கலைஞரிடமே கேட்டு ஒரு எழுத்துமுறையை முடிவு செய்யுங்கள். வெளிநாட்டுப் பயணம் வரும் என்றால் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வைப்பது நல்லது. தலைப்பு, இணைய முகவரி, விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலும் அதுவே வர வேண்டும். மற்ற எழுத்துமுறைகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் “இப்படியும் எழுதுவதுண்டு” என்று ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். எப்படித் தேடினாலும் உங்களிடமே வந்து சேரட்டும்.

கலையின் பெயரும் அப்படித்தான். காஞ்சிபுரம் பக்கத்தில் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் ‘கட்டைக்கூத்து’ என்ற பெயரையே சொல்கிறது. மற்ற பல ஜமாக்கள் ‘தெருக்கூத்து’ என்றே சொல்லிக்கொள்கிறார்கள். நாதஸ்வரமா நாகஸ்வரமா என்பதும் அதே கதைதான். இதில் டிசைனருக்கு ஒரு வேலையும் இல்லை. ஆடுபவரும் வாசிப்பவரும் எதைச் சொல்கிறாரோ அதுதான் தலைப்பு. மற்றது உள்ளே ஒரு இடத்தில் வந்தால் போதும்.

தமிழில் வைக்கலாமா, ஆங்கிலத்தில் வைக்கலாமா?

தமிழ் முதலில். ஆங்கிலம் தனிப் பக்கமாக, தனி முகவரியில். ஒரே பக்கத்தில் தமிழ்ப் பத்தி ஒன்று, ஆங்கிலப் பத்தி ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுவது படிப்பவருக்கும் தொல்லை, தேடுபொறிக்கும் குழப்பம். தமிழ்ப் பக்கம் தமிழ்தான் என்று தளத்தின் கணினி நிரலில் குறித்திருக்கிறதா என்று உங்கள் டிசைனரிடம் கேளுங்கள். அந்தக் குறிப்பு இருந்தால்தான் பார்வையற்றவர்களுக்காகப் பக்கத்தைப் படித்துக் காட்டும் மென்பொருள் சரியான குரலில் படிக்கும்.

ஆங்கிலப் பக்கத்தை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு அப்படியே ஏற்றிவிடாதீர்கள். கூத்தை அறிமுகப்படுத்தி நடத்திச் செல்லும் கட்டியங்காரனை அது சர்க்கஸ் கோமாளி ஆக்கிவிடும். அடவு, களரி, முகவீணை போன்ற சொற்களைத் தமிழ் ஒலியிலேயே ஆங்கில எழுத்தில் எழுதி, அது என்ன என்று ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும். வெளிநாட்டு விழாக்காரர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள்.

பழைய விழா மலர்கள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அப்படியே ஏற்றலாமா?

கூடாது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பாமினியில் தட்டச்சு செய்த ‘அம்மா’ திரையில் அம்மா என்றுதான் தெரியும். ஆனால் கோப்புக்குள் இருப்பது ‘எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச்’ என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் அந்தக் குறிகள்தான் தெரியும். கூகுளுக்கும் அவைதான் தெரியும். இருபது வருட விழா மலர்களில் ஆயிரம் கலைஞர்களின் பெயர் இருந்தாலும், ஒரு பெயரைக்கூடத் தேடி எடுக்க முடியாது.

எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு, மாற்றுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழக அரசும் 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகப் படிக்க வேண்டும். ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, ‘ஔ’, மேற்கோள் குறி, எண்கள் வரும் இடங்களில் பிழை விழும். ‘ஸ்ரீனிவாசன்’ சிதைந்து போயிருந்தால் அந்த மனிதர் அந்தப் பக்கத்தில் இல்லை என்றுதான் ஆகும்.

நோட்டீசை போட்டோ எடுத்து அப்படியே போட்டுவிடுவதும் இதே மாதிரிதான். படம் இருக்கட்டும், அழகுதான். ஆனால் அதில் உள்ள தேதி, இடம், பெயர்களைப் படத்துக்குக் கீழே எழுத்தாகவும் தட்டச்சு செய்து போடுங்கள்.

எந்த எழுத்துரு நன்றாக இருக்கும்?

நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரான், மீரா இனிமை ஆகியவை இலவசம், படிக்கவும் நன்றாக இருக்கும். பாலு தம்பி மாதிரி தடித்த எழுத்துக்களைத் தலைப்புக்கு மட்டும் வையுங்கள். ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கும் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. மேலே ‘கீ’யின் கொக்கி, கீழே ‘ழு’வின் சுழி இரண்டும் முட்டிக்கொள்ளும். எழுத்தளவைப் போல் 1.6 மடங்காவது விடுங்கள், 1.7 இன்னும் நல்லது.

நம் சொற்கள் நீளம். ‘நிகழ்ச்சிகள்’, ‘புகைப்படங்கள்’, ‘தொடர்புகொள்ள’ என்று மெனுவில் ஐந்து சொல் வைத்தால் போன் திரையில் இரண்டாக உடைந்து நிற்கும். ‘கச்சேரி’, ‘படங்கள்’, ‘பேச’ என்று சுருக்கிப் பாருங்கள், எவ்வளவு சுத்தமாக உட்காருகிறது என்று தெரியும். இரண்டு ஓரமும் நேராக வரும்படி பத்தியை இழுக்கவும் வேண்டாம். போனில் சொற்களுக்கு நடுவே குழி விழும். சாய்வெழுத்து தமிழ் மரபிலேயே கிடையாது, விட்டுவிடுங்கள்.

படங்களை எப்படித் தருவது?

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தைத் தராதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். அதே வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் முழுப் படமும் வரும். டிசைனர் அதிலிருந்து 1600 பிக்சல் அகலத்தில், இரண்டு மூன்று நூறு கேபிக்குள் ஒரு சின்னப் பிரதி எடுத்துத் தளத்தில் போடுவார். மூலப் படம் உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும்.

எந்தப் படம் என்று கேட்டால், மேடையில் வேஷம் கட்டி நிற்கும் படத்தோடு ஒப்பனை அறைப் படம் ஒன்றையும் கேட்டு வாங்குவேன். ஒரு முறை இரவு எட்டரை மணிக்கு, பள்ளிக்கூடத் திண்ணையில் ஒற்றைக் குண்டு பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து, கர்ணன் வேஷக்காரர் கைக்கண்ணாடியைத் தொடையில் சாய்த்து வைத்துப் புருவத்துக்கு மை தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் பேரன், மார்ப்பதக்கத்தில் உதிர்ந்த கண்ணாடித் துண்டைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். அந்த ஜமாவை நேரில் பார்க்காதவர்களுக்கு அந்த ஒரு படமே ஜமாவைக் காட்டிவிட்டது. பிளாஷ் போடாமல் எடுத்தது. பிளாஷ் போட்டால் அரிதாரம் எல்லாம் வெளுத்துப்போகும்.

படத்துக்குக் கீழே எல்லார் பெயரும் வர வேண்டும். ‘குழுவினர்’ என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். மத்தளம் யார், முகவீணை யார், ஆர்மோனியம் யார், பின்பாட்டு யார், இடமிருந்து வலமாக எழுதுங்கள். தவில்காரர் பெயரை விட்டுவிட்டு நாகஸ்வரக்காரர் பெயரை மட்டும் போட்ட தளங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். பெண்கள், குழந்தைகள் இருக்கும் படம் என்றால் போடலாமா என்று அவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

நான் ஓவியர். படம் எடுத்தால் நிறம் மாறிப்போகிறதே?

வெயில் நேரடியாக விழாத வராண்டாவில், காலை வெளிச்சத்தில் எடுங்கள். கித்தானைச் சுவரில் செங்குத்தாக மாட்டுங்கள். காமிரா கித்தானின் நடு உயரத்தில், நேர் எதிரே இருக்கட்டும். சாய்ந்தால் சதுரம் சரிவகமாகிவிடும். டியூப்லைட், பிளாஷ் வேண்டாம். முதல் படத்தில் ஓவியத்தின் ஓரமாக ஒரு சாம்பல் நிற அட்டை வைத்து எடுத்துக்கொண்டால், பிறகு கணினியில் அதை வைத்து நிறத்தைச் சரி செய்யலாம்.

ஒவ்வொரு ஓவியத்துக்கும் தலைப்பு, ஆண்டு, ஊடகம், சென்டிமீட்டரில் உயரமும் அகலமும், இப்போது எங்கே இருக்கிறது என்பதை எழுதுங்கள். விற்றுப்போனதைத் தளத்திலிருந்து எடுக்காதீர்கள். காட்சிக்கூடக்காரர் உங்கள் பத்து வருட வளர்ச்சியைப் பார்க்க வருகிறார். விற்காதவற்றை மட்டும் பார்த்தால் அவருக்கு என்ன தெரியும்? படத்தின் நடுவில் பெரிதாகப் பெயரை அச்சடிப்பதும் வேண்டாம். 1600 பிக்சல் படத்தை வைத்து யாரும் பெரிய அளவில் நல்ல பிரதி அச்சடிக்க முடியாது.

போட்டோகிராபர் எடுத்த படம் யாருக்குச் சொந்தம்? எங்கள் கூத்தை யாரோ படம் பிடித்துப் போட்டால்?

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உங்களுக்குச் சொந்தம். அவர் தானாக வந்து எடுத்ததென்றால் அவருக்குச் சொந்தம், அனுமதி கேட்டுத்தான் போட வேண்டும். யாருக்குச் சொந்தமானாலும் எடுத்தவர் பெயரைப் போடுங்கள். அவரும் கலைஞர்தான்.

நிகழ்த்துபவருக்கும் அதே சட்டத்தில் உரிமை உண்டு. பாடுபவர், வாசிப்பவர், ஆடுபவர் எல்லாரும் அதில் அடக்கம். நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள் அது செல்லும். உங்கள் அனுமதி இல்லாமல் முழு இரவுக் கூத்தையும் பதிவு செய்து விளம்பர வருமானம் பார்ப்பவரிடம் நீங்கள் கேள்வி கேட்கலாம். நான் வழக்கறிஞர் இல்லை, சண்டை என்று வந்தால் ஒருவரைப் பாருங்கள். தளத்தில் மட்டும், “முழு நிகழ்ச்சியைப் பதிவு செய்ய முன்அனுமதி தேவை, இந்த எண்ணில் பேசவும்” என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பேசுபவர்களும் இருக்கிறார்கள்.

நாங்கள் சபா நடத்துகிறோம். நிகழ்ச்சி நிரலை பிடிஎஃப் ஆகப் போட்டால் போதாதா?

போதாது. மார்கழியில் ரசிகர் ஒருவர் ஆட்டோவில் போய்க்கொண்டே பார்க்கிறார். இன்று சாயந்தரம் யார் பாட்டு, பக்கவாத்தியம் யார், எத்தனை மணிக்கு, டிக்கெட்டா இலவசமா, வண்டி நிறுத்த இடம் உண்டா, கேன்டீன் யார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். இருபது பக்க பிடிஎஃபை விரலால் பெரிதாக்கித் தேட வைக்காதீர்கள். ‘இன்று’ என்று ஒரு பட்டன் வைத்து, அதில் அன்றைய நிகழ்ச்சி மட்டும் வரட்டும். கேன்டீனைச் சும்மா சொல்லவில்லை, சீசனில் அதைக் கேட்டு வரும் போன் அழைப்புகள் எத்தனை என்று உங்கள் செயலாளரையே கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு கச்சேரிக்கும் தனி முகவரியுள்ள பக்கம் வேண்டும். அப்போதுதான் பாடகர் தன் பக்கத்திலிருந்து லிங்க் கொடுக்க முடியும். தளத்தின் கணினி நிரலில் நிகழ்ச்சிக்குரிய குறிகளை டிசைனர் சேர்த்தால் கூகுள் தேதி, இடம், நேரம் ஆகியவற்றைப் புரிந்துகொள்ளும்.

என் மனதுக்கு நெருக்கமான விஷயம் அடுத்தது. போன வருடத்து நிகழ்ச்சி நிரலை அழிக்காதீர்கள். பல சபாக்கள் நவம்பரில் பழையதை அழித்து அதே இடத்தில் புதியதைப் போடுகிறார்கள். மியூசிக் அகாடமிக்கு வித்திட்ட இசை மாநாடு 1927இல் காங்கிரஸ் மாநாட்டையொட்டிச் சென்னையில் நடந்தது. அகாடமி 1928இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் எங்கே யார் பாடினார் என்பதை இன்றும் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறதென்றால், யாரோ காகிதத்தை எறியாமல் வைத்திருந்தார்கள் என்பதுதான் காரணம். உங்கள் சபாவில் மத்தியானம் இரண்டு மணிக்கு முதல் முறையாக மிருதங்கம் வாசித்த பதினாறு வயதுப் பையனுக்கு அந்தப் பக்கம்தான் முதல் சான்று. முகவரியில் ஆண்டைச் சேர்த்துவிட்டால் போதும், பழையதும் புதியதும் மோதாது.

நன்கொடைக்குப் பட்டன் வைக்கலாமா?

உள்ளூர் நன்கொடைக்கு யுபிஐ கியூஆர் போதும். பக்கத்தில் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதைத் தெளிவாக எழுதுங்கள். அறக்கட்டளை பெயரில் கேட்டுவிட்டுத் தனிநபர் கணக்கைக் காட்டினால் யாருக்கும் நம்பிக்கை வராது. நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பதிவு இருந்தால் அந்த எண்ணையும், சான்றிதழ் எப்படிக் கிடைக்கும் என்பதையும் போடுங்கள். 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவருக்கு வரிச்சலுகை கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் கவனம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் எந்த அறக்கட்டளையும் அதை வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்றவர்களும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில் தொடங்கிய கணக்கில்தான் முதலில் வாங்க முடியும். துபாயில் வேலை பார்க்கிற இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது இதில் வராது. ஆனால் கனடா, பிரிட்டன் பாஸ்போர்ட் வாங்கிவிட்ட நம் உறவினர், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், இந்தச் சட்டத்துக்கு வெளிநாட்டவர்தான். எனவே எல்லா நாட்டுக் கார்டையும் ஏற்கிற பட்டனை ஆசையில் வைத்துவிட்டுப் பிறகு சிக்கிக்கொள்ளாதீர்கள். ஆடிட்டரைக் கேட்டுவிட்டு வையுங்கள்.

எங்கள் ரசிகர்களில் வயதானவர்கள் அதிகம். என்ன கவனிக்க வேண்டும்?

எழுத்தளவு 18 பிக்சலுக்குக் குறைய வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு 4.5க்கு 1 ஆவது இருக்க வேண்டும் என்பது உலக அளவில் ஏற்றுக்கொண்ட அளவு. சந்தன நிறத்தில் பொன்னெழுத்து, பட்டுப்புடவைச் சிவப்பின் மேல் பச்சை எல்லாம் அழைப்பிதழில் நன்றாக இருக்கும், திரையில் படிக்க முடியாது. பக்கத்தைத் திறந்ததும் தானாகப் பாட்டு ஓட விடாதீர்கள். ஆஸ்பத்திரியிலோ பஸ்ஸிலோ திறந்தவர் பதறி மூடிவிடுவார்.

செலவு எவ்வளவு ஆகும்?

டாட் இன், டாட் காம் முகவரிக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம். பத்துப் பக்கத்துக்குள் இருக்கும் ஜமா தளத்தை இலவசமாகவே வைக்க இடங்கள் உண்டு. தளத்தின் இணைப்பைப் பாதுகாப்பாக்கும் சான்றிதழும் இலவசமாகக் கிடைக்கிறது, அதற்கென்று தனியாகப் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளில் செய்தால் யாராவது மாதம் ஒருமுறை அப்டேட் செய்ய வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் எளிமையான எச்டிஎம்எல் பக்கங்களே மேல்.

இணைய முகவரியை, அதாவது டொமைனை, டிசைனரே வாங்கித் தருகிறேன் என்கிறார். சரிதானே?

அவர் வாங்கட்டும், ஆனால் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் எண்ணில். தஞ்சாவூர்ப் பக்கத்து நாகஸ்வரக் கலைஞர் ஒருவரின் தளத்தை அமைத்தவர் டொமைனைத் தன் பெயரிலேயே வாங்கியிருந்தார். மூன்று வருடம் கழித்துத் தொழிலை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் எல்லாம் அவருக்குத்தான் போயின. காலக்கெடு முடிந்தது, வேறு யாரோ அந்த முகவரியை வாங்கிவிட்டார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் விசிட்டிங் கார்டைப் பார்த்துத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வந்தது. அச்சடித்த இரண்டாயிரம் கார்டையும் அவர் பேனாவால் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

டாட் காம் முகவரி காலாவதியாகி நீக்கப்பட்ட பிறகும் மீட்க 30 நாள் அவகாசம் உண்டு, கட்டணம்தான் அதிகம். அது வரை போக விடாமல் ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, ஜமாக் கணக்கு நோட்டோடு வையுங்கள். குடும்பத்தில் இன்னொருவருக்கும் அந்த நோட்டு இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும்.

வாத்தியார் காலமாகிவிட்டார். தளத்தை மூடிவிடலாமா?

மூடாதீர்கள். அந்த முகவரி அவர் பெயரிலேயே இருக்கட்டும். முதல் பக்கத்தில் அவருடைய பிறப்பு, மறைவு ஆண்டுகளைச் சேருங்கள். தொலைபேசி எண்ணை இப்போது ஜமாவை நடத்தும் மகன் அல்லது சீடரின் எண்ணாக மாற்றுங்கள். அவர் ஆடிய கதைகள், அவரிடம் கற்றவர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். ஊர் ஊராகப் போன நோட்டீசுகள் டிரங்குப் பெட்டியில் இருந்தால், மடிப்பை மெதுவாகப் பிரித்து, அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு (டிபிஐ) குறையாமல் ஸ்கேன் செய்து, தேதியோடும் ஊர்ப்பெயரோடும் ஏற்றுங்கள். மூலக் காகிதங்களைப் பராமரிக்க முடியவில்லை என்றால் சென்னையில் 1994இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் கேட்டுப் பாருங்கள்.

இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினுக்குப் போய் உங்கள் முகவரியைக் கொடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் சேமித்துவிடுங்கள், அதற்குக் காசு கிடையாது. எல்லாக் கோப்புகளையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள். அவர் குரல் உள்ள பழைய கேசட் ஏதாவது இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். நாடா ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்க முடியாது.